கல்வராயன் மலை: கோடையில் ஒரு பகல்

மே மாதத்தில் கல்வராயன் மலைக்குக் கிளம்புகிறவர்கள் பஸ் நேரம் கேட்பதற்கு முன்னால் தண்ணீர் நிலவரம் கேட்க வேண்டும். பெரியார், மேகம், கவியம் என்று அருவிகளின் பேரைச் சொல்லித்தான் இந்த மலை வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகமாகியிருக்கிறது. படங்களில் பாறை தெரியாமல் கொட்டுகிற அந்தத் தண்ணீர் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தது. ஏப்ரல் கடைசியில் அதே இடத்துக்குப் போனால் பாறையில் ஈரத்தடம் மட்டும் இருக்கலாம். கோடை மழை நாலு நாள் பிடித்துப் பெய்துவிட்டால் தலையை நனைக்கிற அளவுக்காவது தண்ணீர் வந்துவிடும். ஆக, இது நாளுக்கு நாள் மாறுகிற விஷயம். முந்தின நாள் மாலை மலையில் இடி இடித்ததா என்று கச்சிராயப்பாளையத்தில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மலை பஸ்ஸின் கண்டக்டருக்கு இன்னும் துல்லியமாகத் தெரியும்.

தண்ணீர் இல்லை என்று பதில் வந்தால் திரும்பிவிட வேண்டுமா? வேண்டாம். அருவியைப் பட்டியலில் இரண்டாவது இடத்துக்குத் தள்ளிவிட்டு மலையைப் பார்க்கப் போகலாம். அதற்குத் தயாராகப் போகிறவர்களுக்குக் கோடையிலும் இந்த மலை ஏமாற்றம் தராது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பு. கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி மாவட்டங்களுக்குள் விரிந்து கிடக்கிறது. வடக்கில் இருப்பதைச் சின்னக் கல்வராயன் என்றும் தெற்கில் இருப்பதைப் பெரிய கல்வராயன் என்றும் பிரிப்பார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பகலுக்குள் போய் வர முடிந்தது வெள்ளிமலை, கரியாலூர் பக்கம்தான். ஒரே நாளில் மலை முழுவதையும் சுற்றிக் காட்டுவதாக யாராவது வேன் பேசினால் ஒப்புக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் வாந்தி எடுப்பதுதான் மிச்சமாகும்.

சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பி, தியாகதுருகம் தாண்டிக் கள்ளக்குறிச்சி வந்து சேரலாம். வழியில் தியாகதுருகத்தில் தெரிகிற குன்றின் மேல், 18ஆம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் கைமாறிக்கொண்டே இருந்த கோட்டையின் மிச்சம் இருக்கிறது. மே மாத வெயிலில் அதில் ஏறுவது தண்டனை. தை மாதத்துக்கு ஒத்திப்போடலாம். ரயிலில் வந்தால் விருத்தாசலம்–சேலம் பாதையில் சின்னசேலத்தில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகு கள்ளக்குறிச்சியில் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் பெருகியிருக்கின்றன. அதனால் முதல் நாள் இரவு ஊரில் தங்கி, விடியற்காலையில் கிளம்புவது உத்தமம்.

ஆறு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். எட்டு மணிக்கு மேல் கள்ளக்குறிச்சி வெயில் மண்டையைப் பிளக்கும். மலைச் சாலையின் அழகு முழுக்க அதற்கு முந்தின இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது. கச்சிராயப்பாளையம் சுமார் 15 கிலோமீட்டர். இருபுறமும் கரும்பு, நெல், மரவள்ளி. இங்கே விளையும் மரவள்ளி சின்னசேலம், ஆத்தூர் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசியாகிறது. கரும்புக்குக் கச்சிராயப்பாளையத்திலேயே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. மூங்கில்துறைப்பட்டில் இருப்பது முதல் ஆலை, இது இரண்டாவது. பெட்ரோல் போடுவது, ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது, மாத்திரை வாங்குவது எல்லாவற்றையும் கச்சிராயப்பாளையத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும். மேலே போனபின் செல்போன் சிக்னலே வளைவுக்கு வளைவு வந்து போகும். அதை நம்பி ஜிபேயில் கொடுத்துவிடலாம் என்று இருக்கக் கூடாது.

ஊரைத் தாண்டினால் கோமுகி அணை. காலைப் பலகாரத்தைக் கட்டி எடுத்து வந்தவர்கள் இங்கே பிரித்துச் சாப்பிடலாம். 1965 முதல் பயன்பாட்டில் இருக்கும் இந்த அணையின் உயரம் 46 அடி. கொள்ளளவு சுமார் 560 மில்லியன் கன அடி. பழைய பாசனம், புதிய பாசனம் இரண்டும் சேர்த்துப் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் இதை நம்பியிருக்கிறது. கோடையில் தண்ணீர் உள்ளே ஒடுங்கி, கரையோரத்துச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புகளுக்கு நடுவே கொக்குகள் நிற்கும். சுற்றுலாப் பயணிக்கு இந்த அணை இலவசமாக ஒரு தகவலும் தருகிறது. அணைக்குள் வந்து சேரும் ஓடை செம்மண் கரைந்து கலங்கலாக ஓடினால் மேலே மழை பெய்திருக்கிறது என்று பொருள். ஓடையே காய்ந்து கிடந்தால் அருவிக் குளியலை மறந்துவிடலாம்.

அணையைத் தாண்டிப் பரிகம் வழியாக மலை ஏறுகிற சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். முதலில் முள்ளும் புதருமான காடு. கோடையில் அது எலும்பு எலும்பாகத்தான் நிற்கும். நானூறு மீட்டர் உயரத்துக்கு மேல் இலையுதிர் காடு. இன்னும் மேலே, நீர்ப்பிடிப்பான மடிப்புகளில் மட்டும் பசுமை மாறாத சோலைத் துண்டுகள். இந்த மாற்றம் அரை மணி நேரத்தில் கண்ணெதிரே நடக்கிறது என்பதற்காகவே முன் சீட்டுக்குச் சண்டை போடலாம்.

ஓட்டுகிறவருக்கு இரண்டு சொல். ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இரண்டாவது விதியைக் கியர் இல்லாத ஸ்கூட்டரில் வருகிறவர்கள் கடைப்பிடிக்க முடியாது. அந்த வண்டிகளில் இறக்கத்தில் எஞ்சின் போதுமான அளவு பிடித்துக்கொடுக்காது. பாரம் முழுக்கப் பிரேக்கின் மேல் விழும். தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். இரண்டு பேர் ஏறிய ஸ்கூட்டராக இருந்தால் நடுவில் நிழலான இடத்தில் பத்து நிமிஷம் நிறுத்தி ஆறவிட்டு இறங்குவது நல்லது. வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்குப் பிஸ்கட் போடக் கூடாது. அந்தப் பழக்கம்தான் அவற்றைச் சாலைக்கு நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கல்வராயன்மலை தாலுகாவின் தலைமையிடம் அதுதான். அதற்கு முன்னால் வரும் கரியாலூரில் படகுத்துறையும் சிறுவர் பூங்காவும் இருக்கின்றன. படகு ஓடுமா என்பது மறுபடியும் தண்ணீரைப் பொறுத்தது. ஊட்டி ஏரியை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் இது சின்னக் குட்டையாகத் தெரியும். அரசு கோடை விழா நடத்துகிற நாட்களில் மேடை, மலர்க்கண்காட்சி, அரங்குகள் என்று மலை அமர்க்களப்படும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்தத் தேதிகளைக் கேட்டுக்கொண்டு தவிர்க்கலாம்.

குளிருக்கு ஏதாவது எடுத்து வர வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. உயரம் சராசரியாக இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் அடி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குச் சற்று மேல் குறையும் என்ற பொதுக் கணக்கைப் போட்டால், கீழே 40 டிகிரி கொளுத்துகிற நாளில் மேலே 35. ஸ்வெட்டருக்கு வேலையில்லை, தொப்பிக்கு உண்டு. ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற பட்டத்தைத் தமிழ்நாட்டில் பல மலைகளுக்குச் சூட்டிவிட்டார்கள். கல்வராயனுக்கு அது பொருந்தவே பொருந்தாது. இங்கே தேயிலைச் சரிவும் இல்லை, தைல வாசனையும் இல்லை. இது சாமையும் மரவள்ளியும் விளைகிற, மக்கள் குடியிருந்து உழுகிற மலை. பெரிய விடுதிகள் வராததற்கும் அதுவே ஒரு காரணம்.

பெரியார் அருவி சாலையை ஒட்டியே இருப்பதால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அதுதான் வசதி. தண்ணீர் இருக்கிற நாளில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், பத்தரை மணிக்குள் குளித்து முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் பாட்டுப் பெட்டியோடு வேன்கள் வந்துவிடும். சாலையோரத்தில் பலாப்பழம் வெட்டி விற்கிற அக்காக்கள் சிலர் இருப்பார்கள். கத்தியிலும் விரலிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, பால் ஒட்டாமல் சுளையைப் பிரித்து, கொட்டையைத் தனியே ஒதுக்கி, இலையில் வைத்துத் தருவார்கள். மே முதல் ஜூலை வரை இங்கே பலாக்காலம். அவர்களிடம், “அருவியில தண்ணி வருதாக்கா?” என்று கேட்டால், “வருது தம்பி, ஆனா சாயங்காலம் வரைக்கும் நிக்காதீங்க, மேல இருட்டிக்கிட்டு வருது” என்கிற மாதிரி பதில் வரும். அந்தப் பதிலைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும். அருவியின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, நீர் வருகிற மேட்டில் ஒரு மணி நேரம் கொட்டியிருக்கும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, ஓசை கூடுவது ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் துண்டைத் தேடிக்கொண்டு நிற்காமல் கரையேறிவிட வேண்டும். பாறைகளில் கோடையிலும் பாசி இருக்கும். வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால் 108 வண்டி வளைவுகளில் ஏறி வர நேரமாகும். மலையில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருந்தாலும், எலும்பு முறிவுக்குக் கீழே கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

மேகம் அருவியின் கதை வேறு. வண்டி அருவி வரை போகாது. காட்டுக்குள் இறங்கி நடக்க வேண்டும். இறங்கியதை எல்லாம் உச்சி வெயிலில் திரும்ப ஏற வேண்டும். வனத்துறையிடம் கேட்காமல் அங்கே போகக் கூடாது. காட்டுத்தீ பயம் இருக்கிற மாதங்களில் அவர்கள் வேண்டாம் என்றால் வாதாடக் கூடாது. சிறு குழந்தைகள், முழங்கால் வலிக்காரர்கள் உள்ள குழு இந்த அருவியைப் பயணத்திலிருந்து எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் கிடைக்கிற இரண்டு மூன்று மணி நேரத்தில் வெள்ளிமலை வரை நிதானமாகப் போய், ஒரு மரத்தடியில் சோற்று மூட்டையைப் பிரிக்கலாம். புளிச்சோறும் தயிர்சோறும் வெயிலுக்குத் தாங்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்க வேண்டும். மலைக் கடைகளில் டீயும் வடையும் நிச்சயம் கிடைக்கும். மதியச் சாப்பாடு அன்றைய நிலவரம்.

இந்த மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பேசுவது தமிழ். காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்து குடியேறியதாக அவர்களது வழிவழிக் கதை சொல்கிறது. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி பயிரிடுவதோடு காட்டிலிருந்து தேன், கடுக்காய், புளி சேகரிப்பதும் தொழில். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார் குடும்பங்கள் மலையைப் பங்கு பிரித்து ஆண்டுவந்தன. கீழே நாடு சுதந்திரம் பெற்று, ஜமீன்கள் ஒழிந்த பிறகும் இங்கே அந்த ஏற்பாடு நீடித்தது. 1976இல்தான் அது முடிவுக்கு வந்து அரசின் நேரடி நிர்வாகம் வந்தது. சாலையும் பள்ளியும் இங்கே இவ்வளவு தாமதமாக ஏன் வந்தன என்று வியக்கிறவர்கள் இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சாராயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த அத்தியாயத்தை எழுத முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாகச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றித் தானே முன்வந்து வழக்கெடுத்து, சாலை உள்ளிட்ட வசதிகளைப் பற்றி அரசைக் கேட்டது. அதனால் மலைச் சாலையில் சாராயத்துக்காக வண்டியை நிறுத்திச் சோதனை போட்டால் ஒத்துழைப்பதுதான் முறை. மலைக்காரரைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு “இங்க சரக்கு கிடைக்குமா?” என்று கேட்கிற இளைஞர் கூட்டம் இன்னும் இருக்கிறது. அதைவிட அவர்களைப் புண்படுத்துகிற கேள்வி வேறு இல்லை. அதுபோலவே, வளவுகளுக்குள் நுழைந்து கேட்காமல் வீட்டையும் பெண்களையும் படம் பிடிப்பதும் அநாகரிகம். “ஐயா, ஒரு படம் எடுத்துக்கலாங்களா?” என்று கேட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் விட்டுவிட வேண்டும்.

பகலில் வந்து மாலையில் போய்விடுகிற கூட்டம் ஒரு சின்ன ஊரை என்ன செய்யும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் இத்தாலியின் காப்ரி தீவு. நேப்பிள்ஸிலிருந்து விரைவுப் படகில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தீவின் பரப்பு பத்து சதுர கிலோமீட்டர்தான். அங்கேயும் எல்லாரும் ஒரே இடத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள்: நீலக்குகை. கடல் கொந்தளித்தால் குகையை மூடிவிடுவார்கள். வந்தவர் திரும்ப வேண்டியதுதான். 2024 ஜூன் 22 அன்று பெருநிலத்திலிருந்து வருகிற குடிநீர்க் குழாய் பழுதானதால், சுற்றுலாப் பயணிகள் யாரும் இறங்கக் கூடாது என்று காப்ரி மேயர் உத்தரவிட்டார். நீர் வந்ததும் அன்றைக்கே தடையை நீக்கிவிட்டார்கள். தனக்குத் தேவையான தண்ணீரைக் கடலடிக் குழாயில் வரவழைக்கிற தீவு அது. கல்வராயன் தன் தண்ணீரைக் கீழே அனுப்புகிறது. கோமுகி, மணிமுக்தா, வசிஷ்ட நதி எல்லாம் இங்கே பிறந்து, கடைசியில் வெள்ளாற்றில் சேர்கின்றன. ஓடையில் ஷாம்பு சாஷே எறிகிறவர் அதைக் கச்சிராயப்பாளையத்து நெல்வயலுக்குத்தான் அனுப்புகிறார். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு தடை போட்டது 2019 ஜனவரி 1 அன்று. காப்ரியும் அதே ஆண்டில் தடை போட்டது. இங்கே அமல் எப்படி என்பதை அருவிக்குக் கீழே கிடக்கிற குப்பையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கொண்டு போன பையிலேயே குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும். மேலே குப்பைத் தொட்டியைத் தேடிக்கொண்டிருப்பது வீண்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். அந்தத் தொல்லை வேண்டாம் என்று சின்ன மலைகளைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இந்தப் பக்கம் திரும்பினாலும் மலைச் சாலையின் அகலம் அதற்குப் போதாது. முடிந்தால் வார நாளில் வருவது நல்லது.

மூன்றரை மணிக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வளைவுகளில் மண்ணும் கல்லும் உருண்டு வந்து கிடக்கும். இருட்டிவிட்டால் காட்டெருமை, பன்றி, கரடி ஆகியவை நடமாடும் நேரம். பஸ்ஸில் வந்தவர்கள் காலையில் இறங்கும்போதே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டு, அதற்கு முந்தின வண்டியைப் பிடிப்பதாகத் திட்டம் போட வேண்டும். தேன் வாங்க நினைப்பவர்கள் சாலையோரத்துப் பாட்டில்களைவிட, பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம் போன்ற அமைப்புகள் விற்கிறதா என்று விசாரித்து வாங்கினால் கலப்படக் கவலை குறையும். சாமை அரிசியும் புளியும் மலையில் வாங்கத் தகுந்தவை. கடுக்காயைத் தெரிந்தவர்கள் மட்டும் வாங்கினால் போதும்.

சேலம் பக்கத்துக் கல்வராயனில் கரியராமர் கோயில், ஆத்தூருக்கு அருகே வனத்துறை நடத்துகிற முட்டல் ஏரி, ஆனைவாரி அருவி எல்லாம் உண்டு. இந்தப் பயணத்தோடு அவற்றை முடிச்சுப்போட முடியாது. ஆத்தூரில் தங்கித் தனியாகப் பார்க்க வேண்டியவை.

ஐந்தரை மணிக்குக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தவர்களுக்கு ஊரில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இங்கத்து மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேருக்கும் கோயில் வாகனத்துக்கும் செய்து பழகிய கைகள் இப்போது வீட்டுக் கூடத்துக்கான பிள்ளையார், யாளி, கதவுப் பலகைகளும் செதுக்குகின்றன. பட்டறைகளில் வாகை, தேக்கு மரத்துண்டுகள் அடுக்கிக் கிடக்கும். வண்ணம் பூசாத சிற்பத்தைக் கேட்டு வாங்கினால் மரத்தின் ரேகையையும் உளியின் தடத்தையும் பார்த்து வாங்கலாம். ஒட்டுப்போட்ட இடம் இருந்தால் அப்போதே கண்ணில் பட்டுவிடும். பெரிய உருவம் வேண்டுமென்றால் அளவு சொல்லி, முன்பணம் கொடுத்து, செதுக்கி முடித்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேசிக்கொள்ளலாம்.